ஒன்றுக்கு மூன்றரை

சிங்கப்பூர் மார்சிலிங்கில் நான் இப்போது தங்கியிருக்கும் அறையின் சன்னலைத் திறந்து, கழுத்தை இடப்பக்கம் கொஞ்சம் நீட்டினால் மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் காஸ்வே பாலம் தெரியும். முழுதாகத் தெரியாது. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குத்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் நாள் தவறாமல் அதைக் கடந்தவளுக்கு அந்த ஒரு சாண் போதும். பின்விளக்குகள் ஊர்ந்தால் பரவாயில்லை, பஸ் பிடிக்கலாம். அசையாமல் சிவப்பாகவே நின்றால் ஜாம். அன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டு, "நீங்க சாப்பிட்டுப் படுங்க" என்று சொல்லிவிடலாம்.

வீடு என்று நான் சொல்வது அந்தப் பக்கம், ஜோகூர் ஸ்கூடாயில். கணவரும் மகளும் அங்கே. நான் ஞாயிறு இரவு முதல் வெள்ளிக்கிழமை மாலை வரை இங்கே, ஒரு தமிழ்க் குடும்பத்தின் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மாதம் 750 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஓர் அறையில். சமையல் கூடாது, மேகி போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கார அம்மா நல்லவர். மேகி வாசனை வந்தால் "ஏம்மா, ரசம் இருக்கே" என்று கதவைத் தட்டுவார்.

செலவைக் குறைக்கிறேன் என்று நாட்டை விட்டுப் போன ஒருத்தி எப்படி இரண்டு நாட்டிலும் வாடகை கட்டுபவளாக ஆனாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

2022இல் செம்பவாங்கில் எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. மூவறை வீடு, 1,900 வெள்ளி. வீட்டுக்காரர் சீனர். தீபாவளிக்கு நாங்கள் கொடுக்கும் முறுக்கு டப்பாவைச் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு திருப்பித் தருகிற அளவுக்குப் பழக்கம். அவர்தான் "2,700" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. அவரைக் குறை சொல்லி என்ன? அந்த ஒரே ஆண்டில் சிங்கப்பூரில் தனியார் வீட்டு வாடகை ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறியது, வீவக வீடுகளும் பின்னாலேயே ஓடின. வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான் நிரந்தரவாசி, கணவர் வேலை அனுமதியில் இருந்தார். நிரந்தரவாசிக் குடும்பம் மறுவிற்பனை வீடு வாங்க, வாங்குகிற இருவருக்குமே நிரந்தரவாசம் கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இவருடைய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

நாங்கள் இருவருமே மலேசியாவில் பிறந்தவர்கள். நான் குலாய், இவர் சுங்கைப்பட்டாணி. ஆகவே பாலத்துக்கு அந்தப் பக்கம் போவதற்கு விசா எதுவும் வேண்டாம். உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம், "அப்பா அம்மா பக்கத்துல இருக்கலாம்னுதான்" என்றேன். அது பொய்யில்லை. 2020 மார்ச் 18இல் எல்லை மூடியபோது நான் செம்பவாங்கில் மாட்டிக்கொண்டேன். சன்னலிலிருந்து பார்த்தால் ஜோகூர் தெரியும், போகத்தான் முடியாது. தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதி. அந்த வாரமே குலாய்க்குப் போனேன். அம்மாவுக்கு முடி மொத்தமாக வெளுத்திருந்தது. வீடியோவில் அது எனக்குத் தெரியவே இல்லை.

ஆனால் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் போட்ட கணக்கில் அம்மா இல்லை. ஸ்கூடாயில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பேட்டை) இரட்டை மாடி வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்த இடம், மேலே மூன்று அறை, வாடகை 1,500 ரிங்கிட். அப்போதைய மாற்றுக்கு 470 வெள்ளி சொச்சம். 2,700இல் 470 போனால் மிச்சம் 2,230. அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். இருவரும் தினமும் பாலத்தைக் கடப்பது, மகளை இடைநேரத்துக்குப் பக்கத்தில் யாரிடமாவது விடுவது, இதுதான் திட்டம். ஒரு வருடத்தில் முன்பணம் சேர்த்து அங்கேயே வீடு வாங்கிவிடலாம் என்று இவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஆகஸ்டில் குடிபோனோம். முதல் மாதம் சொர்க்கம்தான், மறைக்க மாட்டேன். மகளுக்குத் தனி அறை. மாடிப்படியை அவள் அதற்கு முன் வீட்டுக்குள் பார்த்ததே இல்லை, ஏறி இறங்கியே ஒரு வாரம் போனது. முன்வாசலில் இவர் மிளகாய், கறிவேப்பிலை, ஒரு முருங்கைக் கொம்பு நட்டார். ராத்திரி பத்து மணிக்கு நாசி லெமாக் வாங்கப் பழைய மைவி காரில் போய் வருவோம். முழு தேங்கு பெட்ரோல் அப்போதைய லிட்டர் 2 ரிங்கிட் 5 சென் விலையில் போடும்போது எனக்குச் சிரிப்பே வந்துவிடும்.

அப்புறம் அதிகாலை வந்தது.

கம்பெனி பஸ் தாமான் முகப்பில் 4.40க்கு வரும். நான் 3.50க்கு எழ வேண்டும். என் வேலை உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து சில்லு பார்ப்பது. ஷிஃப்ட் ஏழு மணிக்கு. பையில் சாப்பாட்டு டப்பா, போர்வை மாதிரி ஒரு சால்வை, வேலைக்குப் போடும் சப்பாத்து. காலில் ரப்பர் சிலிப்பர்தான். பழையவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. ஜோகூர் பாரு சோதனைச்சாவடியில் பஸ் நின்றதும் இருநூறு பேர் ஒரே நேரத்தில் மின்படிக்கட்டை நோக்கி ஓடுவார்கள். அங்கே சப்பாத்தோடு ஓடுகிறவள் புதுசு என்று அர்த்தம். தானியங்கி வாயிலில் கட்டைவிரலை வைத்தால் என் விரலை அது படிக்காது. வேலையிடத்தில் நாள் முழுக்கக் கையுறைக்குள் கிடந்து, ஆல்கஹால் துடைத்துத் துடைத்து ரேகை மழுங்கிப்போன விரல். காதுக்குப் பின்னால் விரலைத் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றி, மறுபடி வைப்பேன். பின்னால் நிற்கிற பெண் "அக்கா, மூக்குல தேய்ங்க" என்பாள். மூக்குதான் சரி. பத்தில் ஏழு முறை திறந்துவிடும்.

கீழே இறங்கித் திரும்ப அதே பஸ்ஸைப் பிடித்தால் அதிர்ஷ்டம். விட்டால் 170 அல்லது 950 எண் பஸ். பிறகு பாலம். ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான், 1,056 மீட்டர். 1924இல் அதிகாரபூர்வமாகத் திறந்தது, நூறு வயது தாண்டிவிட்டது. நல்ல நாளில் மூன்று நிமிடம். கெட்ட நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமாக நடக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் பெரிய தண்ணீர்க் குழாய் போகும். ஜோகூர் ஆற்றுத் தண்ணீர், 1962 ஒப்பந்தப்படி ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். சுத்தம் செய்ததில் ஒரு பங்கு ஜோகூருக்கே திரும்பப் போகிறது. "நம்மள மாதிரியே, காலைல போய்ட்டு சாயங்காலம் வருது" என்று எங்கள் பஸ் ஓட்டுநர் அண்ணன் அடிக்கடி சொல்வார். முதல் தடவை சிரித்தேன்.

நாலாவது மாதம் இவர் சிங்கப்பூர் வேலையை விட்டார். இருவரும் விடியுமுன் கிளம்பினால் மகளை எழுப்பிக் குளிப்பாட்டுவது யார்? பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். நான் விடலாமா, இவர் விடலாமா என்று பேசியது ஒரே ஒரு இரவு. என் சம்பளம் அதிகம், எனக்கு மத்திய சேம நிதியும் இருக்கிறது. அதனால் இவர் விட்டார். செனாயில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை கிடைத்தது, மாதம் 3,000 ரிங்கிட். சிங்கப்பூரில் வாங்கியது 2,600 வெள்ளி. நாட்காட்டித் தாளில் இதற்கு ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

அதிலிருந்து ஒரே வீட்டுக்குள் இரண்டு காசு புழங்க ஆரம்பித்தது.

2024 பிப்ரவரி என்று நினைவு. ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்த நேரம். காசு மாற்றும் கடையில் வரிசை வாசலைத் தாண்டியது. நானும் மாற்றிக்கொண்டு வந்து, மூவருமாக மீன்தலைக் கறி சாப்பிடப் போனோம். சோறு, கறி, மூன்று காய், பொரித்த கணவாய், மகளுக்கு மைலோ. பில் 118 ரிங்கிட். நான் வாய் விட்டே சொன்னேன்: "முப்பத்திமூணு வெள்ளிதான். தேக்காவுல மீன்தலை மட்டுமே இந்த விலை." இவர் பில்லை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு ஒரு நாள் சம்பளம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலைப்பட்டியலில் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னார். 3,000ஐ 26ஆல் வகுத்தால் 115. அவர் சரியாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது கார் ரேடியோவில் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 968 ஓடியது. அங்கேயும் அது தெளிவாகவே கேட்கும். சிங்கப்பூர்ப் போக்குவரத்துச் செய்தியை ஸ்கூடாயில் கேட்டுக்கொண்டு யாரும் எதுவும் பேசவில்லை.

ஜோகூர் மலிவு, ஜோகூர் மலிவு என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சனிக்கிழமை பெட்டி பெட்டியாக எண்ணெயும் ஊதுபத்தியும் வாங்கிப் போகிற சிங்கப்பூர்க் கார்களும் அதையே சொல்கின்றன. அது ஜோகூரின் குணம் இல்லை, எங்கள் சம்பளத்தின் குணம். அங்கேயே உழைத்து அங்கேயே வாங்குகிறவருக்கு மீன்தலைக் கறி அதிக விலை, பால் மாவு அதிக விலை, வீடு இன்னும் அதிக விலை. நாங்கள் குடிபோன அதே 2022இல், மே மாதத்தில்தான் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 1,500 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். என் வாடகையும் அதே 1,500. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா வாடகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த "அப்படியா"வுக்கு அர்த்தம் தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

என் அப்பாவிடம் இந்த மாற்றுக் கதையைச் சொன்னால் அவர் 1972க்குப் போய்விடுவார். அவர் இளவயதில் ஜூரோங்கில் கட்டட வேலை செய்தவர். "அப்ப ஒன்னுக்கு ஒன்னு. சிங்கப்பூர் நோட்ட குலாய் கடைல நீட்டுனா திருப்பிக்கூடப் பாக்க மாட்டான்." உண்மைதான். 1973 மே மாதம் வரை இரண்டு நாட்டுக் காசும் சரிக்குச் சரி செல்லுபடியானது. அந்த ஏற்பாட்டை மலேசியாதான் முறித்துக்கொண்டது. புருணையோடு சிங்கப்பூருக்கு இன்னும் அது தொடர்கிறது. அந்த ஒன்றுக்கு ஒன்று நீடித்திருந்தால் நான் ஸ்கூடாய்க்குப் போயிருப்பேனா? 1,500 வெள்ளி வாடகைக்கு விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருப்பேனா? அப்பாவிடம் கேட்டால், "நீ குலாய்லயே இருந்திருப்ப, டீச்சராயிருப்ப" என்கிறார். அவருக்கு எப்போதும் நான் டீச்சராக வேண்டும்.

அப்பா அம்மாவைப் பார்க்கப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேர ஓட்டம்தான். ஆனால் ஜோகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்று இருந்தது. மகள் படித்த தமிழ்ப்பள்ளி அப்போது ஞாயிற்றுக்கிழமை நடக்கும். எனக்கோ சனி, ஞாயிறு ஓய்வு. ஆக வாரத்தில் ஒரே ஒரு நாள், சனிக்கிழமை, மூவரும் விழித்திருக்கும் வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்போம். அந்த நாளில் நான் தூங்குவேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். கண்ணாடிக் கோவிலுக்குப் போய், அத்தனை கண்ணாடித் துண்டும் மின்னுகிற மண்டபத்தில், தூணில் சாய்ந்து தூங்கிய ஆள் நான். செம்பவாங்கில் இருந்தபோது மாதம் இரண்டு முறை குலாய்க்குப் போனவள், பக்கத்தில் குடிவந்த பிறகு மாதம் ஒரு முறை போனேன். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. வரும்போதெல்லாம் தலையணையை மட்டும் எடுத்துப் போட்டுவிடுவார்.

2024 அக்டோபரில் ஒரு நாள் காலை பத்தேகாலுக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே தூங்கிப்போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மட்டும் பழக்கத்தில் தட்டை நகர்த்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு முழுத் தட்டு, கால் வளைந்த சில்லுகளோடு "சரி" பக்கம் போய்விட்டது. அடுத்த மேசையில் பிடித்துவிட்டார்கள், வெளியே போகவில்லை. மேற்பார்வையாளர் அம்மா சீனப் பெண், என்னைவிட இளையவர். திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று, எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். அது அவர் வேலை.

அடுத்த மாதம் இந்த மார்சிலிங் அறைக்கு வந்தேன். வந்து இரண்டு மாதத்தில், 2025 ஜனவரி முதல் தேதி, ஜோகூர் தன் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது. எனக்காக மாற்றியது போலத்தான் இருந்தது, கொஞ்சம் தாமதமாக.

இப்போதைய கணக்கு இது. ஸ்கூடாய் வாடகை இந்த வருடம் 2,000 ரிங்கிட் ஆகிவிட்டது, 600 வெள்ளி சொச்சம். அதோடு இந்த அறை 750. இரண்டும் சேர்ந்து 1,350 என்று வையுங்கள். செம்பவாங்கில் கேட்ட 2,700இல் பாதி. அதுவரை சரி. இவருடைய 2,600 வெள்ளி 900 சொச்சமாகச் சுருங்கியதையும் எழுதினால், மிச்சம் பிடித்ததைவிட இழந்தது மாதம் முந்நூறு வெள்ளிக்கு மேல். பஸ், இரண்டு வீட்டு வை-ஃபை, ஞாயிறு இரவு மகளின் அழுகையை நிறுத்த வாங்கும் ஐஸ்கிரீம் எல்லாம் தனி.

இவரிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வார். பள்ளியில் பெற்றோர் சங்கச் செயலாளர் இவர்தான். முருங்கை கூரையைத் தொட்டுவிட்டது, தெருவுக்கே கீரை போகிறது. சிங்கப்பூருக்கு வந்து பத்து மாதமாகிறது, வரவேண்டும் என்று தோன்றவும் இல்லை என்கிறார். "நீ வேணும்னா வந்துரு" என்பார். வந்துவிட்டால் யாருடைய சம்பளத்தில் ஸ்கூடாய் மலிவாக இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

எல்லாரும் ரயிலைச் சொல்கிறார்கள். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலு கிலோமீட்டர், ஐந்தாறு நிமிடம், ஒரு திசைக்கு மணிக்குப் பத்தாயிரம் பேர், 2026 முடிவதற்குள் ஓட வேண்டும் என்று இலக்கு. 2025 ஜனவரியில் இரண்டு அரசாங்கமும் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டன. ரயில் வந்தால் நான் ஐந்து மணி வரை தூங்கலாம். ஆனால் ரயில் வருமுன்பே அதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டுக்காரர் ஐந்நூறு ரிங்கிட் ஏற்றினார். ஓடாத ரயிலுக்கு நான் ஏற்கெனவே டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை இரவு பக்கத்து வீட்டு அக்காவின் மகள் போன் செய்தாள். இருபத்தோரு வயது, டிப்ளோமா முடித்தவள். உட்லண்ட்ஸில் ஒரு பல் மருந்தகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம், 2,000 வெள்ளி. அக்கா வேலை பார்ப்பதும் மருந்தகத்தில்தான், ஸ்கூடாயில், பதினாறு வருடமாக எழுத்தர். சம்பளம் 2,300 ரிங்கிட் என்று அந்தப் பெண்தான் ஒரு முறை சொன்னாள். அந்த வீட்டுக்கு அவர்கள் வெகுகாலமாக 900 ரிங்கிட் கொடுத்துவந்தார்கள் என்பதையும், நாங்கள் 1,500க்கு வந்த அடுத்த ஆண்டே அவர்கள் வீட்டுக்காரர் எங்கள் கதவைக் கைகாட்டி 1,400 கேட்டார் என்பதையும் அவள்தான் சொன்னாள். அக்கா என்னிடம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வந்தது, தீபாவளிக்கு அதிரசம் வந்தது, எல்லாம் வழக்கம்போல.

"ஆன்ட்டி, அம்மாவுக்குத் தெரியாது, நான்தான் கேக்குறேன்" என்றாள். "உங்க ரூம்ல இன்னொரு கட்டில் போட எடம் இருக்குமா? பாதி வாடகை குடுத்துடுறேன்."

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த அம்மா, "பொம்பளப் புள்ளதானே, வரட்டும்" என்று சொல்லிவிட்டு, தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்துக் கொடுத்தார். சுவரோரமாகப் பிடித்து அளந்தோம். மூன்றடிக் கட்டில் ஒன்று போகும். போட்டால் அலமாரியின் ஒரு கதவு பாதிதான் திறக்கும், சன்னல் பக்கம் போகக் கட்டிலின் மேல் ஏறித்தான் போக வேண்டும். "வேணும்னா இந்தக் கதவக் கழட்டிடலாம்மா" என்றார் அந்த அம்மா, ஸ்க்ரூ டிரைவர் எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே.